வெளுத்த போட்டோ

“யாருடி சொன்னது, தாட்சாயணி டீச்சரு பொண்ணுங்களைக் கெடுத்துட்டான்னு?”

பொன்னியம்மா குடத்தைக் குழாயடியில் ‘ணங்’கென்று வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுகிறவள் அவள். வகுப்பில் நடப்பதெல்லாம் சமையல் கொட்டகைக்குக் கேட்கும்.

“ஊரே சொல்லிக்கினு கீது,” என்றாள் இந்திராணி. “என் பொண்ணுக்கு வந்த பெங்களூர் மாப்பிள்ளையக் கலைச்சுட்டுப் போனாளே! கம்ப்யூட்டர் வேலை, தெரியுமா? தனக்கு ஒருத்தனும் சிக்கலன்னு வயித்தெரிச்சல்.”

“பத்தாங்கிளாஸ் படிக்கிற கொயந்திக்கு மாப்பிள்ள தேடின நீ, அவளப் பத்திப் பேசுறியா?”

பொன்னியம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தாட்சாயணிக்கு ஒருவனும் சிக்காத கதை இவளுக்கு என்ன தெரியும்?

கூலிக்காரன் ரங்கையாவின் மகள் தாட்சாயணி. அந்தத் தெருவில் முதலில் காலேஜ் போனவள். இருபது வயதில் அவளைப் புத்தூர் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்தார்கள். ஸ்டூடியோக்காரன் பிலிமில் பென்சிலைத் தீட்டித் தீட்டிக் கறுப்பான அவளை அரிசிமாவாக வெளுக்கவைத்துவிட்டான். பார்த்து மயங்கிய சென்னைக்காரர்கள் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். காபி கொண்டுவந்தவளை ஏற இறங்கப் பார்த்த மாப்பிள்ளையின் தாய் கேட்டாள்: “நீ அக்காவாம்மா? போட்டோல இருக்கிற பொண்ண வரச்சொல்லு.”

தாட்சாயணிக்குத் தங்கையே கிடையாது. காபித் தட்டைக் கீழே வைத்தாள். எல்லார் கண்ணெதிரிலும் முந்தானையால் பவுடரை அழுத்தித் துடைத்தாள். “அந்தப் பொண்ணு ஸ்டூடியோலதாங்க இருக்கிறா. அங்க போய்ப் பாருங்க,” என்றாள். அன்றோடு பெண் பார்ப்பது நின்றது.

பிறகு அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் பெரிய வகுப்புப் பெண்களை உட்காரவைத்து அந்தப் போட்டோவைக் காட்டினாள். “இது யாரு?”

“உங்க தங்கச்சியா டீச்சர்?”

“நான்தான். எங்க வீட்ல காசு குடுத்து என் மூஞ்சிய அழிச்சாங்க.”

வீட்டில் அவரவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். கரிக்கட்டை, குச்சி, பூசணிக்கா, பல்லி. சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினாள். “இதுல ஒண்ணாவது உங்க பேரா? பேரில்லாதத அழிங்க,” என்றாள். ஒவ்வொருத்தியாக வந்து தன்னுடையதை அழித்தாள். கொட்டகையில் கரண்டி தேய்த்துக்கொண்டிருந்த பொன்னியம்மாவின் கை நின்றுபோயிற்று. தன் மகளை அவள் கரிச்சட்டி என்றுதான் கூப்பிட்டு வளர்த்தாள்.

அடுத்த மாதம் இந்திராணி, அந்த வகுப்பிலிருந்த தன் மகள் பிரேமலதாவின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் வெளுக்கவைத்துக்கொண்டு வந்தாள். கவரை ஒட்டித் தபாலில் போடச்சொல்லி மகளிடமே கொடுத்தாள். பிரேமலதா அதை எடுத்துவிட்டு, பரீட்சைக்கு எடுத்திருந்த போட்டோவை வைத்து அனுப்பினாள். பெங்களூரிலிருந்து வேண்டாம் என்று போன் வந்தது. அவ்வளவுதான், மகள் போட்டோவை மாற்றியது தெரிந்து, டீச்சர் சொல்லிக்கொடுத்த வேலைதான் என்று இந்திராணி பத்துப் பேரோடு பள்ளிக்கூடத்தில் புகுந்துவிட்டாள்.

“இந்தம்மாகிட்ட மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க,” என்றார் ஹெட்மாஸ்டர். “அந்த வகுப்பையும் விட்டுடுங்க. அடுத்த வருஷமும் இந்த வேலைய உங்களுக்கே குடுக்கச்சொல்லி எழுதுறேன்.”

“எதுக்கு சார் மன்னிப்பு? பொய்யான போட்டோ அனுப்பாததுக்கா?”

“ஊர் பேசுதும்மா.”

“மெட்ராஸ்காரங்க என்னைக் கேட்டதையே இந்தக் கொயந்தியும் நாளைக்குக் காதால கேக்கணுமா சார்? அந்த வகுப்ப நான் விடமாட்டேன்.”

“அப்போ நாளைலருந்து வரவேணாம்.”

வெளியே பிரேமலதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாட்சாயணி பையிலிருந்து தன் பழைய ஸ்டூடியோ போட்டோவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “அடுத்த வெள்ளிக்கிழமை நீ காட்டு,” என்றாள்.

உச்சி வெயில். பொன்னியம்மா கொட்டகையில் மாட்டியிருந்த தன் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். “குட, டீச்சரம்மா! குட! வெயில்ல கறுத்து...”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தாட்சாயணி திரும்பிப் பார்த்தாள். அன்று முழுக்கச் சிரிக்காதவள் அப்போது சிரித்தாள். “நீயே வெச்சுக்கோ, பொன்னியக்கா.” கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு, வெறுந்தலையோடு வெயிலில் நடந்தாள்.