கவிழ்த்துப் பார்க்கும் மாப்பிள்ளை

பிளாஸ்டிக் சாமான் எது கையில் கிடைத்தாலும் மணிராஜ் கவிழ்த்துப் பார்ப்பான். பேட்டையில் தட்டும் சோப்பு டப்பாவும் வார்க்கிற பட்டறையில் அவனுக்கு வேலை. அரிசிக் குருணை மாதிரி இருக்கும் பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்கை மிஷினின் வாயில் கொட்டினால், உள்ளே சூட்டில் உருகி, பூட்டிய அச்சுக்குள் பாயும். அச்சு குளிர்ந்ததும் திறந்தால் தட்டு விழும். உருகினது நுழைந்த இடத்தில், தட்டின் அடியில் ஒரு சின்னப் புள்ளி நிற்கும். பட்டறையில் அதற்குத் தொப்புள் என்று பெயர். நம்ம ஆளுக்கு ஊரில் உள்ள தொப்புளையெல்லாம் பார்த்தாக வேண்டும்.

இந்தக் கிறுக்கால் இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. கடைசியாகப் போன வீட்டில், பெண்ணைப் பெற்றவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் அடியிலேயே குனிந்து பார்த்துவிட்டான். அந்த மனுஷன் அதற்குப் பிறகு உட்காரவே இல்லை.

முக்கூடலுக்குப் பெண் பார்க்கப் போகும்போது அம்மா முப்பிடாதி பஸ்ஸிலேயே கெஞ்சினாள்.

"ஏலே, அங்கன போயி எதையும் கவுத்துப் பாத்துராத. இதுவும் போச்சுன்னா அந்த மிசினுக்கே தாலி கட்டிக்கோ."

பொன்செல்வி பீடி சுற்றுகிற பெண். நீலத் தட்டில் மிக்சர் கொண்டுவந்து நீட்டினாள். மணிராஜ் அவள் முகத்தைப் பார்த்தான், பிடித்துப்போயிற்று. அதற்குள் பாழாய்ப்போன கை தானாகத் திரும்பிவிட்டது. மிக்சர் பூராவும் வேட்டியில்.

அடியில் கோணல் தொப்புள், அவன் மிஷினின் அச்சில் மட்டும் விழுகிற கோணல். அவன் வார்த்த தட்டேதான்! ஆனால் அந்தத் தட்டுகளுக்கெல்லாம் விளிம்பில் பிசிறு உண்டு. இதில் வழவழவென்று இருந்தது.

"இந்தப் பிசிற யாரு சீவுனது?" என்று கேட்டேவிட்டான். முப்பிடாதி தலையில் கைவைத்தாள்.

"நாந்தான். பீடி இலை வெட்டுத கத்திரியால," என்றாள் பொன்செல்வி. "கையக் கீறிட்டு. எந்தக் கூறுகெட்டவன் செஞ்சானோ!"

பேசாமல் இருந்திருக்கலாம். அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டுமே.

"அந்தக் கூறுகெட்டவன் நாந்தான். அச்சு ரெண்டும் இறுக்கமாச் சேரலன்னா இடுக்கு வழியாப் பிசிறு வந்துரும்."

பொன்செல்வி மிக்சர் சிந்திய வேட்டியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பம் இனிமேலாவது ரெண்டும் இறுக்கமாச் சேரட்டும்," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அடுப்படிக்குள் ஓடிப்போனாள்.

அவள் அப்பா சுடலைக்கண்ணு துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ பிள்ள, மாப்பிள்ளைக்கு வேற மிக்சர் கொண்டா. எவர்சில்வர் தட்டுல வச்சுக் குடு."