சகலனின் பெட்டியில் என் முப்பத்தொரு பகிடி

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், அதாவது என் சகலன், இணையத்தில் சொந்த விலாசம் வைத்திருக்கிறான். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் அவன் வீட்டுச் சப்பாத்துத் தட்டுக்கு மேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அவன் படங்கள், எழுத்து எல்லாம் அதற்குள். வேறு எவனும் அழிக்க முடியாதாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே வயிறு எரியும்.

"அண்ணை, அந்தப் பெரிய தளத்தில நீங்கள் போடுற பகிடி வீடியோக்களை ஒருக்கா இறக்கி வையுங்கோ. அவங்கட இடத்தில கிடந்தா அது அவங்கட சாமான்" என்றான் ஒருநாள்.

"போடா தம்பி. என்னைத் தொடர நாலாயிரம் பேர் இருக்கினம். உனக்கு எத்தினை பேர்?"

"பதினேழு."

அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

போன வருடம் அந்தப் பெரிய தளம் என் கணக்கைப் பூட்டியது. நான்தான் நான் என்று காட்ட அடையாள அட்டை கேட்டது. அனுப்பினேன். பொருந்தவில்லை. அகதியாக வந்தபோது என்னை ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் எனக்கொரு பிறந்த தேதி தந்திருந்தான். ஜெர்மன்காரர் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார்கள். தளத்தில் மட்டும், வாழ்க்கையில் ஒருமுறை உண்மை பேசுவோமே என்று, அம்மா பெற்ற தேதியைக் கொடுத்திருந்தேன். மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் நான் நானில்லை என்று பதில் வந்தது.

ஒன்பது வருடப் பகிடி, இருநூறுக்கு மேல். ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை. இறக்கி வைத்திருக்கலாம். சகலன் சொன்னான் என்பதற்காகவே வைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அவரிட்டை ஒருக்காக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி. "அவருக்கு நல்ல மூளை."

அந்தக் கடைசி வசனம் இல்லாவிட்டால் அன்றே போயிருப்பேன். மூன்று கிழமை கழித்துத்தான் போனேன்.

அவன் சிரிக்கவில்லை, அது இன்னும் எரிச்சல். கணினியைத் திறந்தான். திரையில் என் மூஞ்சி! ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் வேட்டி அவிழ அவிழ நான் கச்சான் கடலை வாங்க ஓடிய கூத்து.

"நீங்கள் போடப் போட எடுத்து வைச்சனான் அண்ணை. முப்பத்தொண்டு இருக்கு."

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"மிச்சம் எங்கை?"

"மிச்சத்துக்குச் சிரிப்பு வரேல்லை அண்ணை."

அடுத்த சனிக்கிழமை அவனே வந்து என் வீட்டிலும் ஒரு பெட்டி வைத்துத் தந்தான். எனக்கென்று ஒரு விலாசம். பிறந்த தேதியை ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தொன்றையும் ஏற்றினோம். யாரை உள்ளே விடுவது, யாரை விடாமல் இருப்பது என்பதும் இனி என் கையில்தான் என்றான்.

அவன் வீடு போய்ச் சேர்ந்த கையோடு முதல் விண்ணப்பம் வந்தது. அவனுடையதுதான். அனுமதிக்கப் போன விரல், அவன் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தது. அவனைத் தொடர்கிறவர்களில் என் மனைவியும் இருந்தாள்.

இரண்டு நாள் அவனை வாசலிலேயே நிற்க விட்டேன்.