மாமா தூக்கி வைத்த ரயில்

என் மாமா ஒரு ரயிலைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பிற்காலத்தில் விபத்து அறிக்கைகளைச் சரிபார்ப்பதையே வேலையாகக் கொண்டு ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது அந்தக் கதையில் சில பகுதிகளை நம்ப எனக்கே விருப்பமில்லை.

எங்கள் வீடு பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில். அம்மாவின் அண்ணனான மாமா, வடக்கே மலைக்குள் ஒரு கல்லுடைப்புக் கம்பெனியில் தண்டவாள மண்டோர். பத்து ஆட்களுக்கு மேலாள். கம்பெனிக்கென்று ஒரு குட்டி ரயில் இருந்தது. வார நாட்களில் கல் இறக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெட்டியில் பலகை போட்டு ஆட்களை அடிவாரத்துக்கு இறக்கிவிடும். பள்ளி விடுமுறையை மாமா வீட்டில் கழித்துவிட்டு அம்மாவும் நானும் அதில்தான் திரும்பினோம். எனக்கு எட்டு வயது. வழியனுப்ப மாமாவும் வந்தார். அவருடைய ஆட்கள் படம் பார்க்கப் போவதற்காக வெளுத்த சட்டையோடு ஏறியிருந்தார்கள்.

மாமா அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்த டிரைவருக்கு ஓடை வளைவுதான் கனவுலயும் வருது. தண்டவாளத்துக்கு அடியில கெடக்குற கட்டை மக்கிப் போச்சுன்னு மூணு தடவ சொல்லிட்டான். புதுக் கட்டை வந்து அங்கயே குடிசையில அடுக்கித்தான் கெடக்கு. அடுத்த வாரம் துரை பாக்க வராருலா, மொதல்ல அவர் பங்களா முன்னாடி போடணும். மிச்சம் இருந்தா இவனுக்கு."

கம்பெனி வழக்கம் அது. துரையின் பார்வை படும் இடங்களில் தண்டவாளம் எப்போதும் நன்றாக இருக்கும்.

அவர் பேசி முடித்த சற்று நேரத்தில், அதே ஓடை வளைவில், எங்கள் பெட்டி தண்டவாளத்தை விட்டுத் தூக்கிப் போட்டது. பலகை என் காலடியிலிருந்து நழுவியது. பெட்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. எனக்கு நேர் கீழே மூங்கில் நுனிகள் தெரிந்தன. அம்மா என் பின்னலைப் பிடித்திருந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக மலைப் பக்கம் இறங்கினோம்.

டிரைவர் எஞ்சினிலிருந்து ஓடி வந்து முதலில் எங்களை எண்ணினார். பிறகு சிவப்புக் கொடியை எடுத்தார். "யாரும் எதையும் தொடாதீங்க மண்டோரே. துரை வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, டெலிபோன் இருக்கும் கொட்டகைக்குக் கீழ்நோக்கி நடந்தார். போக வர மூன்று மணி நேரம். அன்று விதிப்படி நடந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் தலை மறைந்ததும் மாமா சட்டையைக் கழற்றினார். குடிசையிலிருந்து ஜாக்கி வந்தது, கடப்பாரைகள் வந்தன. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஜாக்கியைத் திருகத் திருகப் பெட்டி விரல் விரலாக எழும்பியது. எழும்பிய இடைவெளியில் கட்டை செருகினார்கள். ஒருமுறை ஜாக்கி வழுக்கிப் பெட்டி முனகியபோது பத்துப் பேரும் சிலையானார்கள். "உன் பொண்டாட்டிய நெனச்சுக்கிட்டுத் திருகாதடா" என்று மாமா ஒருவனை ஏசினார். மறுபடி திருகினார்கள். கிரீஸ் தடவிய இரும்பின் மேல் பெட்டியைப் பக்கவாட்டில் நெம்பித் தள்ளினார்கள். சக்கரம் தண்டவாளத்தில் உட்கார்ந்த சத்தம் கேட்டு நான் கைதட்டினேன்.

வேலை அதோடு முடியவில்லை. எஞ்சின் ஓட்டத் தெரிந்த தன் ஆள் ஒருவனை விட்டு ரயிலைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, வளைவில் இருந்த மக்கிய கட்டைகளைத் தோண்டினார்கள். அவை புட்டுப்போல் உதிர்ந்தன. ஆணிகளைப் பிடுங்கக் கருவியே தேவைப்படவில்லை, கையோடு வந்தன.

"பாப்பா, அந்த ஆணியெல்லாம் பொறுக்கு. யாரு கால்லயாவது குத்திறப் போவுது. ஓடையில கொண்டு போட்டுரு" என்றார் மாமா.

பாவாடையில் அள்ளி அள்ளிப் போட்டேன். பதினேழு ஆணிகள். ஒவ்வொன்றும் தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. பழைய கட்டைகள் பள்ளத்துக்குப் போயின. குடிசையிலிருந்த புதுக் கட்டைகள் அங்கே உட்கார்ந்தன. அவற்றின் மேல் மண்ணும் ஜல்லியும் பூசி அழுக்காக்கினார்கள். அம்மா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை டிரைவரோடு தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தபோது ரயில் புறப்படத் தயாராக நின்றது. அவர் கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். நேற்றே மாற்றிவிட்டதாகவும், டிரைவரிடம் சொல்ல விட்டுப்போனதாகவும் மாமா ஆங்கிலத்தில் சொன்னார். டிரைவர் வாயைத் திறந்து, கட்டைகளைப் பார்த்து, மூடிக்கொண்டார். என் பாவாடையின் துருக்கறையைக் காட்டி துரை ஏதோ கேட்டார். குழந்தை மண்ணில் விளையாடுகிறது என்றார் மாமா. கான்வென்ட்டில் படித்த எனக்கு அது புரிந்தது. அழுகையே வந்துவிட்டது. நான் வேலை செய்தேன், விளையாடவில்லை.

கட்டை நன்றாக இருந்தால் குற்றம் டிரைவர் ஓட்டிய வேகத்தினுடையது. அறிக்கை அப்படித்தான் எழுதப்பட்டது. அதை எழுதியவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும், முன்னால் இருந்ததை வைத்து அதையே எழுதியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் வாசலில் ஒரு லோரி நின்றது. மேலே கட்டில், பானை, ஒரு கூடையில் கோழி. டிரைவர் குடும்பத்தோடு சாலாக் செலாத்தானில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மா ரயிலில் மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க வழியில் இறங்கினாராம். வேலையும் போய், குவார்ட்டர்ஸும் போய்விட்டது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"மெதுவாத்தான்க்கா வந்தேன். அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். ஆனா கட்டையெல்லாம் புதுசா இருந்துச்சே. பொண்டாட்டி புள்ளங்க இருக்கறத மறந்து நான்தான் வேகமா ஓட்டிட்டேன் போல."

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அவருக்குச் சந்தோஷமாக ஏதாவது சொல்ல நினைத்தேன். நான் அன்று பதினேழு ஆணி பொறுக்கியதை இவராவது நம்புவார் என்று தோன்றியது.

"அங்கிள், அன்னிக்கி நான்..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா எழுந்துவிட்டார். என் கையில் காசைத் திணித்து, சீனி தீர்ந்துவிட்டது, மூலைக் கடைக்கு ஓடு என்றார். நான் ஓடினேன். திரும்பியபோது லோரி போய்விட்டிருந்தது. அம்மா காப்பிக் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வாங்கி வந்ததைக் கொட்டி வைக்கலாமென்று சீனி டின்னைத் திறந்தேன். அது நிறைந்திருந்தது. அம்மா இப்படி மறக்கிறவர் இல்லையே என்று மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.