அலுமாரிக்குள் சூடை மீன்

சந்தையால் வந்து, சூடை மீன் பொதியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கையிலிருந்த நாவல் புத்தகத்தைக் கொண்டுபோய் மீன்சட்டிக்குள் போட்டவள் நான். தொண்ணூறுகளின் முற்பகுதி, வயது இருபத்தாறு, ஊரில் படித்த பெட்டை என்று பெயர் வேறு. பிறகு புத்தகத்தைக் கண்டெடுத்துத் துடைத்தேன். மீன் எங்கே என்று அம்மா கேட்டபோது பூனை என்றேன். பூனைக்கு விளக்குமாற்றால் விழுந்தது. வீட்டில் எழுந்த நாற்றத்துக்கு முகட்டில் செத்த எலியைக் குற்றம் சாட்டினோம்.

மூன்றாம் நாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் இரண்டு வள்ளம் வைத்திருந்த குடும்பம். இதுவும் தவறினால் இனி இல்லை என்பது அம்மாவின் கணக்கு. உடுக்கவென்று அலுமாரியைத் திறந்தேன். பொதி கசிந்து, என் ஒரே பட்டுச் சேலையின் சரிகையில் புழுக்கள் நெளிந்தன. புழுவைவிட என்மேல்தான் அருவருப்பு வந்தது.

பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைக்காத காலம். அம்மா பனம்பழத்தைப் பிசைந்து தலைப்பைக் கசக்கினார். மீன் மணத்துக்கு மேல் பனம்பழ மணமும் ஏறியது.

“பொம்பிளைப் பிள்ளையடி நீ! உந்த மண்டையோட ஆரின்ர வீட்டை போய் என்னத்தைக் குடும்பம் நடத்தப்போறாய்?”

அதற்கு முந்தின கிழமைதான் அண்ணா சைக்கிளைச் சந்தையில் மறந்து விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். “அவனுக்கு யோசனை கூட” என்று பரிவோடு சோறு போட்டதும் இதே வாய்தான்.

ஈரச் சேலையோடு தேநீர்த் தட்டத்தை ஏந்திப் போனேன். மாப்பிள்ளையின் தாயுடைய மூக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையில் ‘சரிவராது’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்து வந்த சம்பந்தங்களை நானே வேண்டாமென்றேன். மாதா கோயில் பூசைக்குப் போனால் கடைசி வாங்கில்தான் இருப்பேன். யாரும் பக்கத்தில் வந்து இருந்தால் இரகசியமாகக் கையை மணந்து பார்ப்பேன். இப்படியே தலை நரைத்தது. போன வருடம் ஒரு டொக்டர் என் மறதிக்கும் தடுமாற்றத்துக்கும் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடு, என்று பெயர் சொன்னார். “சின்ன வயசில ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?” என்று கேட்டார். கவனித்தார்களே, ஊரே கவனித்தது.

அந்தப் பெயர் தந்த துணிவில், ஒரு செத்தவீட்டில் கண்ட அதே மாப்பிள்ளையின் தாயிடம் அன்றைய மீன் நாற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் விழித்தார்.

“மீன் மணமோ? எங்கட வீட்டுக் கதிரை மேசையும் அப்பிடித்தான் மணக்கும், பிள்ளை. எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்திட்டு, மாப்பிள்ளையின்ரயை நீ எடுத்துக் குடிச்சியே. அதிலதான் பயந்திட்டம்.”