அவர் பங்குக்கு வந்த பக்கங்கள்

காப்பி வேண்டாம் என்று அவர் சொன்ன அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. காலையில் டம்ளர் காலியாகாமல் வாயைத் திறக்காத மனுஷன். "ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்றால், "ஆசைதான். குறைச்சுக்கலாமே" என்றார்.

அப்புறம் நல்ல சட்டைகளை எடுத்து ஆபீஸ் பியூனுக்குக் கொடுத்தார். மடியில் ஏறிய குழந்தையை மெல்ல இறக்கிவிட்டு, "பாசங்கிறது ஒரு பழக்கம், அவ்வளவுதான்" என்றார். முதலில் எவளோ ஒருத்தி என்றுதான் நினைத்தேன். சட்டையை மோந்துகூடப் பார்த்தேன், ரயில் புழுதி வாடைதான் அடித்தது. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் ஒருத்தர் இப்படித்தான் காப்பியில் ஆரம்பித்தார். கடைசியில் காசியிலிருந்து ஒரு கார்டு வந்தது, ஆள் வரவில்லை. இவரும் கிளம்பிவிட்டால் நான் கைக்குழந்தையோடு எங்கே போய் நிற்பேன்?

அவர் குளிக்கப் போன நேரம் பையைக் குடைந்தேன். அட்டையில்லாத, தைத்த நூல் தொங்குகிற ஒரு கொத்துப் பக்கங்கள். வீடு, பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் கால்விலங்கு, அறிவுள்ளவன் அறுத்துக்கொண்டு போவான் என்று பக்கம் பக்கமாக இருந்தது. அடப்பாவி!

"என்னங்க இது?" என்று நீட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. தாம்பரத்தில் ஏறி முழங்கால்மேல் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டு போகிற கோஷ்டி அவர்களுடையது. சீட்டு அலுத்துப்போய், ஒருத்தர் மூர் மார்க்கெட்டில் தடிமனாக ஒரு பழைய தத்துவ நூலை வாங்கி வந்தாராம். முழுசாகப் படிக்க எவருக்கு நேரம்? பைண்டிங்கைப் பிய்த்து ஆளுக்கு ஒரு பங்கு. அவரவர் பங்கைப் படித்துவிட்டு, கோட்டை ஸ்டேஷன் வருவதற்குள் மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லவேண்டும்.

"புத்தகத்தையே கூறு போட்டீங்களா? அடுத்த பங்கு யாருகிட்ட?"

"குரோம்பேட்டைக்காரர்கிட்ட. மஞ்சக்காமாலை. ஆள் வர்றதில்லை."

அந்தச் சனிக்கிழமையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். குரோம்பேட்டைக்காரர் மஞ்சள் கண்ணோடு படுத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ! அந்தக் காலத்து நூல்ல எதிராளி என்ன சொல்வான்னுதாம்மா முதல்ல விஸ்தாரமா எழுதுவாங்க. உங்க வீட்டுக்காரருக்கு வந்தது அது மட்டும்தான். அதை அடிச்சு நொறுக்குற பதில் என்கிட்ட இருக்கு!"

அந்தப் பதிலைக் கையோடு வாங்கி வந்து பஸ்ஸிலேயே படித்தேன். ஓடிப்போகிறவன் வீட்டை மனசில் சுமந்துகொண்டுதான் போகிறான், இருந்த இடத்தில் இருந்துகொண்டு பிடியைத் தளர்த்துவதுதான் கஷ்டம் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோட்டை விட்டது நூலாசிரியர் இல்லை, இந்தச் சீட்டுக் கோஷ்டிதான்!

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கங்களை என் வீட்டுக்காரர் மடியில் போட்டேன். "எதிராளி பேச்சைக் கேட்டுத்தான் இத்தனை ஆட்டமா? இப்போ பதிலைப் படிங்க."

படித்தார். ஒரு பக்கம் விடாமல் படித்தார். நான் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, கல் எது அரிசி எது என்றுகூடப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தை முடித்து மடித்து வைத்தார்.

"பதில் நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். "ஆனா எனக்கென்னவோ எதிராளி சொன்னதுதான் சரின்னு படுது."

"அப்ப எதுக்கு தினம் சாயங்காலம் வீட்டுக்கு வர்றீங்க?"

"ரயில் தாம்பரத்தோட நின்னுடுதே" என்றார்.

முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் போகிற வண்டிகளும் உண்டு என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவே இல்லை.