பீடத்திலிருந்து இறங்கிய பூசணிக்காய்

அறுப்பின் பண்டிகைக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வருடா வருடம் வாக்குவாதம் வரும். அவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எதையும் தலை எண்ணித்தான் பேசுவார். மாரமங்கலம் போகும் ரோட்டோரம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரையில் சிலுவை நட்ட எங்கள் கோயிலில் எல்லாரும் கூடினாலும் எண்பது பேர்தான். நான் நூற்றிருபது பேருக்கு ஆக்குவேன்.

"மிஞ்சறத யாரு திங்கறது?" என்பார்.

"யாராச்சும் வருவாங்க" என்பேன். யாரும் வந்ததில்லை. மிஞ்சியதைத் தூக்குச் சட்டிகளில் போட்டு, பக்கத்து வீடுகளில் எல்லாம் கொடுத்துவிட்டு வருவோம். ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோயில் சமையல் முழுவதும் என் கைக்கு வந்திருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருடம் ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. பண்டிகையன்று காலை இரண்டு பெரிய அண்டாக்களில் மட்டன் பிரியாணி தயாராகிவிட்டது. கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரும் எண்ணி முடித்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு மட்டும் சிரித்தார்.

பீடம் மட்டும் நிறைந்திருந்தது. அந்த வருட விளைச்சலுக்கு நன்றியாக அவரவர் கொண்டுவந்து வைத்த ஆரஞ்சு, வாழைத்தார், சௌசௌ, மிளகு, கேழ்வரகு மாவு, வெல்லம், ஒரு கேன் பால். எல்லாவற்றுக்கும் நடுவில் சபை மூப்பர் வீட்டுப் பூசணிக்காய். அவர் அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். பண்டிகைப் பீடத்தை அடுக்குவது அவர் வேலை. வேறு யாரும் ஒரு ஆரஞ்சைக்கூட நகர்த்த முடியாது.

முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் வெளியே மடமடவென்று ஒரு சத்தம். அடுத்த நொடி காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. பிறகு ஒரு வண்டியின் ஹார்ன், விடாமல்.

சமையல் கொட்டகையில் இருந்தவர்கள் முதலில் ஓடினோம். கோயிலைத் தாண்டி நாலு எட்டில் பெரிய சில்வர் ஓக் ஒன்று ரோட்டின் குறுக்கே கிடந்தது. அதற்குப் பத்தடி முன்னால் மாவிலைத் தோரணம் கட்டிய ஒரு மினி பஸ், பின்னால் இரண்டு ஜீப். டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். நான் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கத்தவும், பஸ்ஸுக்குள் ஒரு அம்மா "முருகா" என்று கத்தவும் சரியாக இருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அது கல்யாண வண்டி. வெள்ளக்கடை என்ற ஊரிலிருந்து பெண் வீட்டார் மாரமங்கலத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பத்தரை மணிக்கு முகூர்த்தம். பெண்ணோடு சேர்த்து ஐம்பதுக்கு மேல் ஆட்கள்.

"இந்த மரத்த எடுக்க நொம்ப நேரமாவுங்களா?" என்று பெண்ணின் அப்பா என் வீட்டுக்காரரைக் கேட்டார். காப்பியும் மிளகும் வைத்திருக்கிற மலை விவசாயி. புது வேட்டி முழங்கால் வரை சேறாகியிருந்தது.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்குப் போன் போட்டார். மரம் அறுக்கும் மெஷின் இருந்தது. ஆனால் அங்கேயும் இரண்டு இடத்தில் மரம் விழுந்து ஆட்கள் அந்த வேலையில் இருந்தார்கள். வர மதியம் ஆகிவிடும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போன், நாள் பார்த்துக் கொடுத்தவருக்கு ஒரு போன். ஒன்றரை மணிக்கு மேல் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறதென்று தெரிந்ததும் பெண்ணின் அப்பா அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் போதகர் ஆராதனையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். முப்பது வயது ஆகாதவர். சபைக்கு வந்து ஆறு மாதம்தான். "எல்லாரும் உள்ள வாங்க. மழையில ஏன் நிக்கறீங்க?" என்று வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்தார். சீர்த் தட்டுகளோடும் குழந்தைகளோடும் அவர்கள் உள்ளே வந்தபோது காலியாகக் கிடந்த பெஞ்சுகள் எல்லாம் நிரம்பின.

எனக்குள் ஒரே சந்தோஷம். இரண்டு அண்டா பிரியாணி, ஐம்பது விருந்தாளிகள். வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பது இப்போது என் முறை. கரண்டியோடு போய், "எல்லாரும் மொதல்ல சாப்பிட வாங்க" என்றேன்.

பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. தாலி ஏர்றதுக்கு முன்னால எங்களுக்குக் கவிச்சி ஆகாதுங்க. கவிச்சி ஆக்குன பாத்திரமும் ஆகாதுங்க."

என் முகம் சுருங்கிவிட்டது. நாலு மணிக்கு எழுந்து வெங்காயம் நறுக்கிய கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்றால் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் பொறு சாமி, போயிர்லாம்" என்று அந்த அம்மா அவள் தலையைத் தடவினார். என் பிரியாணியைப் பாராட்டுவதற்கா இவர்கள் வந்தார்கள்? வெட்கமாகப் போயிற்று.

அரிசியும் பருப்பும் கொட்டகையில் மிச்சம் இருந்தன. காய் இல்லை. என் கண் பீடத்துக்குப் போனது. மூப்பரின் கண் என் கண்ணைத் தொடர்ந்து போனது.

"டீச்சர், அது ஆண்டவருக்கு வெச்சதுங்க" என்றார் எழுந்து நின்று. "ஜெபம் பண்ணிப் படைக்காம ஒண்ணையும் எடுக்கக் கூடாது."

"அப்ப இப்பவே ஜெபம் பண்ணிடலாம் மூப்பரே" என்றார் போதகர். இரண்டே வரியில் ஜெபித்தார். கொடுத்தவர்களுக்காக ஒரு வரி, சாப்பிடப் போகிறவர்களுக்காக ஒரு வரி. ஆமென் சொன்ன கையோடு பீடத்துக்குப் போய் அந்தப் பூசணிக்காயை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். அங்கி முழுக்க எண்ணெய்.

மூப்பர் ஆடாமல் நின்றார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் பயந்தேன். நான் அரிவாளை எடுத்துப் பூசணியில் முதல் வெட்டுப் போடும்போது பின்னால் அவர் குரல் கேட்டது.

"அத அப்படியா வெட்டுவாங்க? என்ற தோட்டத்துக் காய். குடுங்க இங்க." சட்டைக் கையை மடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். ஒரே அளவான துண்டுகளாக அவர் வெட்டிப் போட்ட அழகை இன்றும் சொல்லலாம்.

பாத்திரத்துக்கு வழி செய்தது போதகரின் மனைவி. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். அவளுக்குச் சீராக வந்த பாத்திரங்கள் சிலவற்றில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் இருந்தது. "இதுல இன்னும் வெந்நிகூட வைக்கலக்கா" என்று சொல்லி வீட்டிலிருந்து மழையில் நனைந்தபடி சுமந்துவந்தாள். பெண் வீட்டுப் பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் சௌசௌ நறுக்க, ஒருவர் அரிசி களைய, ஒரு மணி நேரத்தில் சோறும் பூசணிக் கூட்டும் சௌசௌ பொரியலும் ஆயிற்று. குழந்தைகளுக்குக் கேழ்வரகு மாவில் பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிக் கொடுத்தேன். சிணுங்கிக்கொண்டிருந்த சின்னப் பெண் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு என் கையிலிருந்த கரண்டியையும் நக்கக் கேட்டாள்.

கல்யாணப் பெண்ணைப் போதகரின் உடைமாற்றும் அறையில் உட்கார வைத்திருந்தோம். நனைந்த பட்டுச் சேலையை அயர்ன் பாக்ஸை மிதமாக வைத்துப் போதகரின் மனைவி காயவைத்துக் கொடுத்தாள். தலையில் இருந்த மல்லிகை மழையில் பிய்ந்து போயிருந்தது. பீடத்துப் பூ ஜாடியிலிருந்த செவ்வந்தியை எடுத்து அங்கேயே தொடுத்து வைத்துவிட்டோம். அந்தப் பெண் அழுவாள் என்று ஆறுதல் வார்த்தையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவளோ என் காதருகே குனிந்து, "டீச்சர்ங்க, கறி வாசம் ஆளத் தூக்குது. சாயங்காலத்துக்குக் கொஞ்சம் எடுத்து வெப்பீங்களா?" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த பூ கீழே விழுந்துவிட்டது.

அதற்குள் மாப்பிள்ளையே தன் ஆட்களோடு மரத்தின் அந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தின் மேல் ஏறப் பார்த்தவரைப் பெண்ணின் மாமன்கள் விரட்டினார்கள். "தாலி கட்டறதுக்கு முன்னால பொண்ணப் பாக்க வந்துட்டீங்களா? எறங்குங்க மாப்ளே!" அவர் இறங்கி, கிளைகளுக்கு நடுவே தலையை மட்டும் நீட்டி, "பாக்க வரலீங்க, டீ கெடைக்குமான்னு பாக்க வந்தனுங்க" என்றார். கிளைகளுக்கு ஊடே டீ டம்ளர்கள் கை மாறிக் கை மாறிப் போயின. மழையும் அந்த நேரத்தில் தூறலாகக் குறைந்திருந்தது.

பந்தி முடிந்து மெஷின் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் போதகர் விட்ட இடத்திலிருந்து ஆராதனையை முடித்தார். பிரசங்கம் பண்ணவில்லை. பாதியில் நின்ற பாட்டைப் பாடினோம். பெண் வீட்டார் பாடத் தெரியாவிட்டாலும் கை தட்டினார்கள். பிறகு அவர் மணமக்களுக்காகவும் டிரைவருக்காகவும் மரம் அறுக்க வரப்போகிற ஆட்களுக்காகவும் ஜெபித்தார்.

பீடம் வெறுமையாகக் கிடந்தது. சில ஆரஞ்சும் மிளகுத் தட்டும்தான் பாக்கி. பெண்ணின் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சீர்த் தட்டுகளில் ஒன்றிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழமும் புதுச் சாமை அரிசி ஒரு பையும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இந்த வருஷம் வெளைஞ்சதுங்க" என்று மூப்பரிடம் சொன்னார். "நாங்க வெக்கலாங்களா?"

மூப்பர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். பூசணி இருந்த இடத்தில், நட்டநடுவில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

ஒரு மணிக்கு ரோடு திறந்தது. கைகூப்பி விடைகொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனோம். பெண்ணின் அம்மா விடவில்லை. "நீங்க வராம வண்டி எடுக்க மாட்டோமுங்க" என்றார். அழுக்குச் சேலை, மஞ்சள் அப்பிய கை. என்ன சொல்லியும் கேட்கவில்லை. பிரியாணி அண்டாக்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சபை முழுவதும் மாரமங்கலத்துக்குப் போனோம். இரண்டு மணிக்குள் தாலி கட்டியாயிற்று. நாங்களும் அரிசி தூவினோம்.

பந்தி போட்டதும் பழக்கதோஷத்தில் பரிமாறப் போனேன். பெண்ணின் அம்மா என் தோளைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். "காலைல இருந்து நீங்க ஒரு வாய் திங்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறனுங்க." பக்கத்தில் நின்று அவரே பரிமாறினார். பாயசம் வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தேன். கையை விலக்கிவிட்டு ஊற்றினார்.

எனக்குக் கொடுக்கத் தெரியும். அதில் ஒரு சிரமமும் இல்லை, கரண்டி என் கையில் இருக்கும். இப்படி உட்கார்ந்து, இன்னொருவர் ஊற்ற ஊற்ற வாங்கிக்கொள்வது எனக்குப் புதிது. ஆண்டவரிடம் இத்தனை வருடமாக நன்றி சொல்லியிருக்கிறேன். அந்த இலைக்கு முன்னால்தான் அது நெஞ்சு நிறைந்து வந்தது. வார்த்தையாகச் சொல்லத் தெரியாமல் இரண்டாவது தடவை நானே பாயசம் கேட்டேன்.

கவிச்சித் தடை தாலியோடு நீங்கிவிட்டதால், சாயங்காலம் ஐந்து மணிக்குள் இரண்டு அண்டா பிரியாணியும் காலி. கல்யாணப் பெண்ணுக்கு நானே ஒரு தட்டில் நல்ல கறியாகப் பொறுக்கி வைத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அண்டாவின் அடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் நூத்தம்பது பேருக்குப் போட்டுரலாம்" என்றார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. போன வாரம் டவுனிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "டீச்சர்ங்க! இங்க வாங்க, எடம் இருக்குது!" அந்தக் கல்யாணப் பெண்தான். இடம் ஒன்றும் இல்லை. இடுப்புக் குழந்தையோடு நெருங்கி உட்கார்ந்து அரை ஆள் இடம் உண்டாக்கியிருந்தாள். நான் உட்கார்ந்ததும் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள். அது என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது. அவள் மாமியாரைப் பற்றி, மிளகுக் கொடி பற்றி, புதிதாக வாங்கிய ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். கண்டக்டர், "டீச்சர், உங்க ஸ்டாப் போயி ரெண்டு ஸ்டாப் ஆச்சுங்க" என்றார். தூங்குகிற குழந்தையை எப்படி எழுப்புவது? மாரமங்கலத்துக்கே டிக்கெட் எடுத்துக்கொண்டேன்.