வெட்டாமல் விட்ட பாலைமரம்

வட்டக்கச்சியில் அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தில் எனக்குக் காணி கிடைத்த காலத்தில், காணி திருத்துவதென்றால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் செய்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். கூட்டித் துப்புரவாக்கிய முற்றம் இருந்தால்தான் எங்களுக்கு அது வளவு. அதனால் ஒரு தடிகூட விடாமல் காட்டை வெட்டி, நெருப்பு வைத்து, சாம்பலுக்கு நடுவில் கொட்டில் போட்டார்கள். பிறகு ஊரிலிருந்து தென்னம்பிள்ளை கொண்டுவந்து நட்டார்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் ஒரு நிலத்தைப் பார்த்தால் அதில் எது நிற்கும், எது சாகும் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்லுவேன். என் மேட்டுக்காணியின் நடுவில் ஒரு பாலைமரம் நின்றது. என் இரண்டு கைக்குள்ளும் அடங்காத மரம். வெட்ட வந்தவர்களிடம், அதில் கோடரி படக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் காணிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"காட்டை வெட்டச் சொல்லித்தான் காணி தந்தவங்கள். நீ காட்டுக்கையே குடியிருக்கப் போறியோடாப்பா?"

"ஓமண்ணை. வெயிலேற நீங்களும் வாங்கோ, இருந்து கதைப்பம்" என்றேன்.

அவரைச் சமாளிப்பது லேசு. மாமனாரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. தலைப்பிள்ளைப் பேற்றுக்காக என் மனைவியைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவர், பாலையை அண்ணாந்து பார்த்தார்.

"வீட்டு வளவுக்கை காட்டு மரமோ? பாலை பழுத்தால் கரடி வரும், தெரியுமோ?"

"உங்களை ஒருக்கால் கண்டுதெண்டால் பிறகு வராது, மாமா."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனாருக்குச் சிரிப்பு வரவில்லை. கொண்டுவந்த தென்னம்பிள்ளைகளை நிலத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஆனி மாசம் தாயையும் பிள்ளையையும் கொண்டு வருவன். குழந்தையைக் கிடத்த ஒரு குளிர்மையான இடம் இல்லையெண்டால், அடுத்த ரெயிலிலை ரெண்டு பேரையும் திருப்பிக் கொண்டு போயிடுவன். நீர் இஞ்சை தனியக் கிடவும்."

சொன்னால் செய்கிற மனிதர் அவர். மனைவியும் அவர் பக்கம்தான். அந்தக் கொட்டிலின் வெக்கை அவளுக்கும் தெரியும்.

அவர்கள் போன பிறகு இருந்து யோசித்தேன். என் கிணறு கல்லில் முட்டி நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணீரையே வாய்க்காலில் அள்ளி வருகிறவன், வளவில் தென்னையை வைத்து எப்படிக் காப்பாற்றுவது? மாமனார் தந்த தென்னம்பிள்ளைகளை வயல் வாய்க்கால் ஓரம் கொண்டுபோய் நட்டேன். வளவுக்கு வேறு மரம் பார்த்தேன். கச்சான் காற்று அடிக்கிற மேற்குப் பக்கத்துக்கு வேம்பு. முதல் மழையோடேயே நட்டால், மழை முடிவதற்குள் வேர் ஆழத்துக்குப் போய்விடும். மூலைகளுக்கு விளாத்தி, முள் இருப்பதால் மாடு கிட்டப் போகாது. எல்லையில் பனங்கொட்டை புதைத்தேன். புளியும் வறட்சிக்கு நல்ல மரம்தான். ஆனால் புளியமரத்தடியில் குழந்தையைக் கிடத்த என் மனைவி எந்தக் காலத்திலும் சம்மதிக்க மாட்டாள். அதை விட்டுவிட்டேன்.

இவையெல்லாம் நின்று வளர்ந்து நிழல் தர வருடங்கள் ஆகும். வருகிற ஆனிக்கு என்னிடம் இருந்தது பாலை ஒன்றுதான். அதன் அடியில் நிலத்தைச் செதுக்கி மட்டமாக்கி, களிமண் போட்டு இடித்து, சாணியால் மெழுகி வைத்தேன்.

வைகாசியில் கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கியது. பக்கத்துக் காணியில் தென்னம்பிள்ளைகள் ஓலை கருகித் தொங்கின. பாலை ஒரு இலைகூட வாடாமல் கருகருவென்று நின்றது. ஒருநாள் மத்தியானம் பக்கத்துக் காணிக்காரர் தான் உட்காருகிற கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"என்னண்ணை, காட்டுக்கை வாறியள்?"

"வாயைப் பொத்து. குடிக்கத் தண்ணியிருந்தால் கொண்டு வா."

ஆனியில் கிளிநொச்சி ஸ்டேசனுக்கு வண்டில் கட்டிக்கொண்டு போனேன். வழி நெடுக வெக்கை தாங்காமல் குழந்தை வீரிட்டது. மாமனார் அதற்கு விசிறிக்கொண்டே வந்தார். வளவில் இறங்கியதும் முழங்கால் உயர வேம்பங்கன்றைப் பார்த்தார்.

"இதுவோ உம்மடை நிழல்? ஆட்டுக்குட்டிக்கும் காணாது."

மனைவி நிற்கவில்லை. குழந்தையோடு நேரே பாலையடிக்குப் போனாள். ஒரு சேலையை எடுத்துக் கீழ்க்கொப்பில் ஏணை கட்டச் சொன்னாள். இரண்டு ஆட்டு ஆட்டியதும் குழந்தையின் சத்தம் அடங்கிவிட்டது.

பாலைப்பழம் மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. யாழ்ப்பாணத்தில் சந்தைக்கு வந்தால் ஆட்கள் முண்டியடித்து வாங்குகிற பழம். மாமனார் குந்தியிருந்து ஒன்றைப் பொறுக்கினார். பிறகு நிறுத்தவில்லை. அந்தப் பழத்தின் பால் உதட்டைப் பசை போல ஒட்டிவிடும்.

"மாமா, அடுத்த ரெயில் பின்னேரம். திரும்பவும் வண்டிலைப் பூட்டட்டோ?" என்று கேட்டேன்.

அவரால் வாய் திறக்க முடியவில்லை. ஒரு கையால் உதட்டைப் பிரித்துக்கொண்டு, மற்றக் கையால் என்னைப் போ என்று காட்டினார். மனைவி தேங்காய் எண்ணெய் தொட்டு வந்து கொடுத்தாள்.

"அப்பா, நீங்கள் ஊருக்குப் போனதும் என்ரை அம்மியை ரெயிலிலை போட்டு விடுங்கோ. இரவல் அம்மியிலை எவ்வளவு காலத்துக்கு அரைக்கிறது?"

மாமனார் உதட்டைத் துடைத்தார். ஏணையைப் பார்த்தார்.

"அது சரியான பாரமெல்லே, பிள்ளை?"

"இவர் தூக்குவார்."

தூக்கினேன். அடுத்த கிழமை ஸ்டேசனில் இரண்டு போர்ட்டர்மார் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த அம்மியை நான் தனியாளாக வண்டிலில் ஏற்றினேன்.